அப்பா சொன்னது பாதி!

பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கியிருக்கிறீர்களா? மே, ஜூன் மாதமாக இருந்தால் ஊரைக் கண் பார்ப்பதற்கு முன்னால் மூக்கு கண்டுபிடித்துவிடும். பலாப்பழ வாசனை! தள்ளுவண்டியில் பழத்தை வெட்டி வைத்து, கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு, சுளை சுளையாக எடுத்து விற்பார்கள். முழுப் பழம் வாங்க எல்லோராலும் முடியாது. காசு ஒரு பிரச்னை என்றால், பன்னிரண்டு கிலோ பழத்தைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறுவது அதைவிடப் பெரிய பிரச்னை. பழத்துக்கு ஒரு சீட் போட்டால் கண்டக்டர் சும்மா விடுவாரா? ஆனால், நாலு சுளை வாங்க யாராலும் முடியும்.

இந்த நாலு சுளையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கிறது.

பண்ருட்டியில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் முந்திரிக் கடை வைத்திருக்கிறார். கல்லாவுக்குப் பின்னால் சாமி படம். அதற்குக் கீழே ஓர் அலமாரி. அதில் வெற்றிக் கதைகள். அமெரிக்கக் கோடீஸ்வரர், ஜப்பான் முதலாளி, மும்பை தொழிலதிபர் என்று சகலரும் அங்கே தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கிறார்கள். சும்மா வாங்கி அடுக்கியதல்ல. பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் கோடு போட்டுப் படித்திருக்கிறார்.

படித்தால் பரவாயில்லை. அப்படியே செய்தும் பார்த்துவிட்டார்! 'முதலாளி கல்லாவில் உட்காரக் கூடாது, பொறுப்பைப் பிறரிடம் கொடுக்க வேண்டும்' என்று ஒரு புத்தகம் சொன்னது. ஒரு பையனை உட்கார வைத்தார். இன்னொரு புத்தகம், 'போட்டியாளரைவிடக் குறைத்து விற்றுக் கூட்டத்தைச் சேர்' என்றது. விலையைக் குறைத்தார். மூன்றாவது புத்தகம், 'எப்போதும் விரிவுபடுத்திக்கொண்டே இரு' என்றது. கடலூரில் இரண்டாவது கடை. ஒன்றரை வருடத்தில் அந்தக் கடைக்கு ஷட்டர் இறக்கியாயிற்று.

''ஜெயிச்சவங்க சொன்னதைத்தானே தம்பி செஞ்சேன்? எங்க தப்பு?'' என்று என்னிடம் கேட்டார்.

பி.காம். படித்தவன் என்பதால் என்னிடம் பதில் இருக்கும் என்று நம்பினார் போல. அந்த நிமிஷத்தில் என்னிடம் இருந்தது வாய் நிறைய முந்திரிப் பருப்பு மட்டும்தான். கடலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஒரு கதை ஞாபகம் வந்தது. அது கடலூர்க் கதை!

கடலூருக்கு வியாபாரம் புதிதில்லை. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இங்கே ஒரு கோட்டையை மராட்டியர்களிடம் விலைக்கு வாங்கினார்கள். கோட்டை மட்டும் போதுமா? சுற்றியிருக்கிற நிலம்? பீரங்கியால் சுட்டு, குண்டு போய் விழுகிற தூரம் வரை எங்களுக்கு என்று ஒப்பந்தம். செயின்ட் டேவிட் கோட்டையின் எல்லை இப்படித்தான் அளக்கப்பட்டது. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயரில் அந்தக் குண்டு இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது கிடக்கட்டும். நம் ஆசாமி பீரங்கி வைத்திருக்கவில்லை. சின்னச் சின்னப் பொட்டலங்கள் வைத்திருந்தார்.

பெயர் சின்னி கிருஷ்ணன். முதலில் மருந்துகளைப் பாக்கெட் போடும் ஒரு சிறிய தொழில். பிறகு மருந்து, அழகுச் சாதனப் பொருள்கள் என்று அவரே தயாரிக்க ஆரம்பித்தார். அவர் தலைக்குள் ஒரே ஓர் எண்ணம் குடைந்துகொண்டே இருந்தது. பணக்காரர்கள் பயன்படுத்துகிற பொருளை மூட்டை தூக்குகிறவரும் ரிக்‌ஷா இழுக்கிறவரும் ஏன் பயன்படுத்தக் கூடாது? நல்ல பொருள் அவர்களுக்கு எட்டாமல் போகக் காரணம் அதன் விலையா, அளவா?

அளவுதான் என்று முடிவுகட்டினார். முகப் பவுடர் என்றாலே டின் என்றிருந்த காலத்தில் 100 கிராம், 50 கிராம், 20 கிராம் என்று சின்ன பாக்கெட்டுகளில் விற்றார். எப்சம் சால்ட் தெரியுமல்லவா? நம் பாட்டிகள் பேதி உப்பு என்பார்கள். அது 100 கிராம் பொட்டலத்தில் வந்துகொண்டிருந்தது. ஒரு தடவைக்கு வேண்டியது கொஞ்சம்தானே, மிச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 5 கிராம் பொட்டலம் போட்டார். பொடியைப் போலவே திரவத்தையும் சின்ன உறைக்குள் அடைத்து விற்க முடியும், எதிர்காலம் இதில்தான் இருக்கிறது என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

என்ன, பலாச்சுளை ஞாபகம் வருகிறதா?

இத்தனை அருமையான யோசனை வைத்திருந்தவர் கோடீஸ்வரராகியிருக்க வேண்டுமே! ஆகவில்லை. ஒன்றைக் கண்டுபிடிப்பார். அதைக் கடை கடையாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அடுத்ததில் மனசு போய்விடும். அவருடைய மகன் சி.கே.ரங்கநாதனே பல வருடங்கள் கழித்துப் பேட்டியில் இதைச் சொல்லியிருக்கிறார். அப்பா பெரிய கண்டுபிடிப்பாளர், ஆனால் விற்கத் தெரியாதவர் என்று. பெற்ற மகன் இப்படிச் சொல்வது குறை மாதிரித் தெரியலாம். எனக்கென்னவோ இந்தக் கதையின் சாவியே அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. அப்பாவின் யோசனையில் எது சரக்கு, எது அப்பாவின் சுபாவம் என்று அவர் பிரித்துப் பார்த்திருக்கிறார்!

ரங்கநாதன் படிப்பில் சுமார். இதுவும் அவரே சொன்னதுதான். கூடப்பிறந்தவர்களில் இரண்டு பேர் டாக்டர், ஒருவர் வக்கீல். அவர்கள் இங்கிலீஷ் மீடியம், இவர் தமிழ் மீடியம். 'விவசாயம் பார், இல்லையென்றால் ஏதாவது தொழில் செய்' என்பது அப்பாவின் அபிப்பிராயம். பையனுக்கு ஆர்வமெல்லாம் வளர்ப்புப் பிராணிகள் மேல். சுமார் ஐந்நூறு புறா, மீன், விதவிதமான பறவைகள். வாங்குவது, வளர்ப்பது, விற்பது. பாக்கெட் மணி அதிலிருந்துதான். பள்ளிக்கூடம் 'சுமார்' என்று முத்திரை குத்திய பையன், வீட்டுக் கொல்லையில் கொள்முதல், பராமரிப்பு, விற்பனை மூன்றையும் பழகிக்கொண்டிருந்தான். நான் மூன்று வருடம் பி.காம். படித்தும் ஒரு புறாகூட விற்றதில்லை.

ரங்கநாதன் கல்லூரிக்குள் நுழைந்த நேரத்தில் அப்பா காலமாகிவிட்டார். தொழில் அண்ணன்கள் கைக்குப் போனது. அவர்கள் அப்பாவின் சின்ன உறை யோசனையை எடுத்துக்கொண்டு வெல்வெட் ஷாம்புவை இறக்கினார்கள். நாற்பது வயதைத் தாண்டிய வாசகர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே போதும். பாட்டிலில் மட்டும் வந்துகொண்டிருந்த ஷாம்பு, பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கத் தொடங்கியது. அப்பாவால் முடியாமல் போன ஒரு காரியத்தை அந்தச் சகோதரர்கள் செய்துகாட்டினார்கள். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

1982இல் படிப்பை முடித்துவிட்டு ரங்கநாதனும் குடும்பத் தொழிலில் சேர்ந்தார். சில மாதங்கள்தான். எப்படித் தொழில் செய்வது என்பதில் கருத்து ஒத்துவரவில்லை. சொத்தில் பங்கு கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். கையில் 15,000 ரூபாய்.

இப்போது அவர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று ஷாம்பு, இன்னொன்று புறா. ஷாம்பு என்றால் சொந்த அண்ணன்களோடு மோத வேண்டும். முதலில் அது வேண்டாம் என்றுதான் நினைத்திருக்கிறார். சுமார் ஒரு வாரம் யோசித்துவிட்டு, தெரிந்த தொழிலே மேல் என்று ஷாம்புவுக்கே வந்துவிட்டார்.

கணக்கைப் பாருங்கள். குடியிருக்கவும் அலுவலகத்துக்கும் சேர்த்து ஒரு வீடு. வாடகை 250 ரூபாய், அட்வான்ஸ் 1,000. உற்பத்திக்கு இன்னோர் இடம். வாடகை 300, அட்வான்ஸ் 1,200. பாக்கெட் போடும் மெஷின் 3,000. ஆக, முதலில் மூன்றில் ஒரு பங்கு ஒரு பாக்கெட்கூட விற்பதற்கு முன்னாலேயே காலி! 1983இல் முதல் பாக்கெட் வெளியே வந்தது. பெயர் சிக். அப்பாவின் பெயரிலிருந்து எடுத்த எழுத்துகள். சின்னியில் பாதி, கிருஷ்ணனில் பாதி.

முதல் மாதம் 20,000 பாக்கெட் போனது. லாபத்தைப் பார்க்க இரண்டாவது வருடம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பேங்க் கடன் கிடைக்க மூன்று வருடம். அடமானம் வைக்க ஒரு செங்கல்கூட இல்லையே! கடைசியில் ஒரு மேனேஜர் 25,000 ரூபாய்க்குச் சிபாரிசு செய்தார். இந்த ஆளிடம் ஈடு எதுவும் இல்லை, ஆனால் மற்ற சிறுதொழில்காரர்களைப் போல் இல்லாமல் இவர் வருமான வரி கட்டுகிறார் என்பது மேனேஜர் எழுதிய காரணம். தொழில் ஆலோசனைப் புத்தகம் எதிலும் இந்த யோசனையை நான் படித்ததில்லை.

அந்தச் சமயத்தில் வெல்வெட் ஷாம்புவை கோத்ரெஜ் நிறுவனம் விற்பனை செய்துகொண்டிருந்தது. எதிரே மலை மாதிரி விநியோக பலம். அப்பாவின் யோசனையை அப்படியே பின்பற்றினால் ரங்கநாதன் என்ன செய்திருக்க வேண்டும்? இன்னும் சின்னதாக, இன்னும் புதுசாக ஏதாவது கண்டுபிடித்திருக்க வேண்டும். அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. குப்பையைக் கேட்டார்!

எந்தக் கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் சரி, ஐந்து காலி உறைகளைக் கொண்டுவாருங்கள். ஒரு சிக் ஷாம்பு இலவசம். இதுதான் திட்டம். போட்டிக் கம்பெனியின் ஷாம்புவைப் பயன்படுத்துகிறவர் யார் என்று தேடி அலைய வேண்டாம். அவரே காலி உறையோடு கடைக்கு வந்து நிற்பார். ஷாம்பு பழக்கமே இல்லாத ஆளுக்கு இலவசமாகக் கொடுத்து வீணாக்கவும் வேண்டாம். கொஞ்ச நாள் போனதும் திட்டத்தைச் சத்தமில்லாமல் மாற்றினார்கள். இனி ஐந்து சிக் உறை கொடுத்தால்தான் ஒரு சிக் இலவசம். அதற்குள் ஜனங்களுக்கு சிக் பழகிவிட்டது. கடையில் போய் 'ஷாம்பு குடுங்க' என்று கேட்டவர்கள், 'சிக் குடுங்க' என்று கேட்க ஆரம்பித்தார்கள். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சத்துக்குப் போனது என்று ரங்கநாதன் சொல்லியிருக்கிறார்.

அப்பாவுக்கு இப்படி ஒரு திட்டம் தோன்றியிருக்குமா? தோன்றியிருக்காது என்பது என் ஊகம். புறா விற்றுப் பழகிய பையனுக்கு, எதிரே நிற்கிறவன் கையில் என்ன இருக்கிறது, அதற்குப் பதிலாக என்ன கொடுத்தால் வாங்குவான் என்று யோசிக்க வரும்.

அடுத்து மல்லிகை, ரோஜா வாசனைகள். விற்பனை மாதம் 30 லட்சம். நடிகை அமலா விளம்பரத்தில் வந்தபோது ஒரு கோடி. கிராமங்களில் ஷாம்பு என்றால் என்னவென்றே தெரியாத இடங்களுக்குப் போனார்கள். ஒரு பையனை நடுவில் நிறுத்தி, எல்லார் முன்னாலும் தலைக்கு ஷாம்பு போட்டுக் கழுவி, 'தொட்டுப் பாருங்க, மோந்து பாருங்க' என்றார்கள். ரஜினி படம் போட்டு, நடுவில் விளம்பரம் காட்டி, பிறகு செய்முறை விளக்கம், போகும்போது கையில் ஒரு பாக்கெட். படம் போட்ட ஊர்களில் எல்லாம் விற்பனை மூன்று நாலு மடங்கு ஏறியதாம். கூலி வேலை பார்க்கிறவருக்கும் எட்ட வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார். எட்டுகிற தூரத்தில் வைத்தால் மட்டும் போதாது, நேரில் போய்த் தலையில் தேய்த்துக் காட்ட வேண்டும் என்று மகனுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு விஷயம்தான் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியவர் அப்பா. மகன் ஏழு வருடம் சிக் ஷாம்புவைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. ஏழு வருடம்! மீரா சிகைக்காய்ப் பொடி, நைல், ஃபேர்எவர், ஸ்பின்ஸ், ஊறுகாய், பால் எல்லாம் அப்புறம் வந்தவை. இதற்கிடையே கம்பெனி சென்னைக்குக் குடிபெயர்ந்தது. சிக் இந்தியா என்ற பெயர் 1990இல் பியூட்டி காஸ்மெடிக்ஸ் ஆகி, 1998இல் கெவின்கேர் ஆனது. ஊழியர்களிடம் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த பெயர் அது. கவின் என்றால் அழகு. ஆங்கிலத்தில் எழுதும்போது சி, கே இரண்டும் பெரிய எழுத்து. அப்பாவின் முதலெழுத்துகள்! யோசனையில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார். பெயரை முழுசாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்.

தொண்ணூறுகளின் முடிவில் சிக் ஐம்பது காசுக்கே வந்தது. செலவைக் கூட்டி லாபத்தைச் சேர்த்து விலை போடுவது நாங்கள் காமர்ஸில் படித்த முறை. இது தலைகீழ். ஜனங்களின் பையில் எந்த நாணயம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்குள் ஷாம்பு, உறை, லாரி வாடகை, கடைக்காரர் கமிஷன் அத்தனையையும் அடக்குவது. இன்று அந்த ஐம்பது காசை நீட்டினால் கடைக்காரர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார்.

சின்ன உறைக்கு இன்னொரு முகமும் உண்டு. பல அடுக்குகளை ஒட்டிச் செய்கிற உறை. பிரித்து மறுசுழற்சி செய்வது பெரும்பாடு. சாக்கடை ஓரம் எல்லா ஊரிலும் மினுக்கிக்கொண்டு கிடக்கிறது. காலி உறையைக் கொண்டுவந்தால் இலவசம் என்ற திட்டத்தை இப்போது எல்லாக் கம்பெனிகளும் சேர்ந்து நடத்தினால் தேவலாம் போலிருக்கிறது.

சரி, இது அப்பா-மகன் விவகாரம், ரத்தத்தில் ஊறியது என்று நீங்கள் சொல்லலாம். மதுரைக்கு வாருங்கள். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களால் கத்தி பிடிக்கப் பழகிக் கண் அறுவை சிகிச்சை செய்தவர். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 1976இல், 58 வயதில், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். அவர் யாரிடம் யோசனை எடுத்தார் தெரியுமா? அமெரிக்காவின் மெக்டொனால்ட்ஸ் கடைகளிடம்!

வருகிறவருக்கெல்லாம் ரொட்டி கொடுக்கவில்லை, பயப்படாதீர்கள். எந்த ஊர்க் கடையில் சாப்பிட்டாலும் ஒரே ருசி, ஒரே தரம், யார் செய்தாலும் ஒரே செய்முறை. இது அவரைப் பிடித்துக்கொண்டது. கண்புரை அறுவை சிகிச்சையையும் இப்படிச் செய்தால் என்ன? கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார். பரிசோதனை, தயார் செய்வது, கட்டுப் போடுவது என்று மற்ற வேலைகளை அவர்கள் பார்த்துக்கொள்ள, டாக்டர் ஒரு மேஜையில் முடித்ததும் அடுத்த மேஜைக்குத் திரும்பலாம். ஆனால், காசு வாங்குகிற விஷயத்தில் மெக்டொனால்ட்ஸை வாசலிலேயே நிறுத்திவிட்டார். முடிந்தவர்கள் கொடுத்த கட்டணத்தில் முடியாதவர்களுக்கு இலவசம். ஒரு கடையின் சமையல்கட்டை மட்டும் எடுத்துக்கொண்டு கல்லாவை விட்டுவிட்டு வந்த மனிதர்!

ஜப்பான்காரர்கள் இதில் இன்னும் கில்லாடிகள். 1950இல் டொயோட்டாவின் எய்ஜி டொயோடா அமெரிக்கா போய் ஃபோர்டின் பிரம்மாண்டமான தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தார். அங்கே ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் வண்டிகள். டொயோட்டாவில் சில பத்து. அதே மாதிரி மெஷின்களை வாங்கிப் போட்டிருந்தால் திவால்தான். அதே கம்பெனியின் தாயிச்சி ஓனோ அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டைக் கவனித்தார். வாடிக்கையாளர் எடுத்தது எவ்வளவோ, அலமாரியில் அவ்வளவு மட்டும் மறுபடி அடுக்குகிறார்கள். கார் தொழிற்சாலைக்குள் அதைக் கொண்டுவந்தார். அடுத்த ஆள் எடுத்துக்கொண்ட அளவுக்கு மட்டும் உதிரிபாகம் செய்தால் போதும். கார் கம்பெனியிடம் கிடைக்காத பாடம் மளிகைக் கடையில் கிடைத்தது!

இத்தனையையும் அடுத்த முறை பண்ருட்டி போனபோது முந்திரிக்கடை அண்ணனிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டார். பாதியில் பென்சிலைக்கூட எடுத்துவிட்டார். நான் முடித்ததும் கண்கள் பளிச்சென்றன.

''அப்ப நாமளும் ஒத்த ரூபா பாக்கெட் போட்டுடலாம்னு சொல்றே!''

எனக்கு மூச்சு நின்றுவிட்டது. பில் புத்தகத்தை இழுத்து, அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். நல்ல முழுப் பருப்பு, 320 ரகம். ஒரு பவுண்டுக்கு 320 பருப்பு என்பதால்தான் அந்தப் பெயர். கிலோவுக்கு எழுநூறு பருப்பு என்று வைத்துக்கொள்வோம். விலை கிலோ தொள்ளாயிரம் என்றார். அப்படியென்றால் ஒரு பருப்பே ஒண்ணே கால் ரூபாய்க்கு மேல்.

''அண்ணே, ஒரு ரூபாய்க்கு முழுசா ஒரு பருப்புகூட வராது. முக்கால் பருப்பை எப்படி பாக்கெட் போடுவீங்க?''

கொஞ்ச நேரம் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். ''கல்லாவுல நீங்க உட்கார்ந்திருந்தப்ப என்னண்ணே செய்வீங்க? கடைப் பையன் செய்யாதது?''

''என்ன செய்வேன்... வர்றவங்க கையில ரெண்டு பருப்பு வைப்பேன். தின்னு பாருங்கன்னு. ஊர்ல யாரு நல்லா இருக்கா, பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சா, அதான் பேச்சு. அதெல்லாம் பிசினஸா தம்பி?''

அதற்குள் ஓர் அம்மா கையில் பையோடு கடை வாசலில் வந்து நின்றார். கடைப் பையன் என்ன வேண்டும் என்று கேட்பதற்குள், அண்ணன் எழுந்துபோய் டப்பாவைத் திறந்தார். இரண்டு பருப்பை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

''சாப்பிட்டுப் பாரும்மா. நெல்லிக்குப்பத்துலேருந்தா வர்றீங்க? உங்களை முன்னாடி பார்த்திருக்கேனே...''